மைல்மீற்றரில் ஒரு பூச்சியம்

ஒரு பொருளின் வயதை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? கேள்வி பழையது. கிரேக்கர்கள் கப்பலை வைத்துக் கேட்டார்கள். பிக்குகள் தேரை வைத்துக் கேட்டார்கள். நாங்கள் இங்கே ஒரு காரை வைத்துக் கேட்கப் போகிறோம். அதுவும் கடையில் வாங்கிய கார் அல்ல. ஒரு மனிதர் தன் கராஜுக்குள் சொந்தக் கையால் கட்டிய கார். அந்தப் புதிய காரில் பழைய காரொன்றின் மைல்மீற்றரைப் பொருத்தும்போது அதில் இருந்த எண்ணை அப்படியே விடுவதா, பூச்சியமாக்குவதா என்பதுதான் பிரச்சினை.

இதில் என்ன பெரிய அறம் இருக்கிறது என்று வாசிப்பவர்கள் நினைக்கக்கூடும். எங்கள் றெஸ்ரோறன்ற் குசினியில் இந்தக் கேள்வி மூன்று இரவுகள் ஓடியது. கோப்பை கழுவுகிறவரில் இருந்து தந்தூரி அடுப்பில் நிற்பவர் வரை ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள். அந்த நியாயங்களையும், அவற்றைத் தாண்டி நாங்கள் வந்து நின்ற இடத்தையும் எழுதி வைக்கிறோம்.

கிற் கார் என்பது இங்கிலாந்தில் ஆழமாக வேரோடிய ஒரு வழக்கம். 1957 இல் கொலின் சப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன்தான் அதில் பேர்போனது. அந்தக் காலத்தில் முழுக் காராக வாங்கினால் கொள்வனவு வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதற்காக, காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைப் பின்னிருந்து முன்னாக வாசித்துப் பூட்டினார்கள் என்றொரு கதை கார்ப் பைத்தியங்கள் மத்தியில் உண்டு. 1973 இல் கொள்வனவு வரி போய் வற் வரி வந்தபோது அந்த இலாபமும் போனது. அதே வருடம் செவனைக் கட்டும் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆனால் வழக்கம் சாகவில்லை. 250 பவுணுக்குள் சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று சொல்லி ரொன் சாம்பியன் என்பவர் 1996 இல் ஒரு நூல் எழுதினார். இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி சேஸிஸ் செய்வதும், பழைய காரொன்றை உடைத்து அதன் உறுப்புகளை அதற்குள் வைப்பதும் எப்படி என்பதே நூல். உறுப்புகளைத் தரும் பழைய காரை இங்கே 'தானம் கொடுக்கும் கார்' என்றே அழைக்கிறார்கள். கண்தானம், இரத்ததானம் போல.

எங்கள் றெஸ்ரோறன்ற்றின் பின்கதவு ஓர் ஒழுங்கைக்குள் திறக்கிறது. ஒழுங்கையின் மறுபக்கத்துக் கராஜில் ஓய்வுபெற்ற கடைச்சல் தொழிலாளி ஒருவர் இரண்டு மாரிகாலமாக இப்படியொரு காரைக் கட்டினார். சிகரெட் பிடிக்கவும் குப்பை கொட்டவும் வெளியே வருகிற நாங்கள் அது வளர்வதைத் தவணை முறையில் பார்த்து வந்தோம். சேஸிஸ் புதிது, அவரே ஒட்டியது. உடல் புதிது. எஞ்சின் ஒரு பழைய போர்ட் சியராவினுடையது. ஆனால் அதைத் திறந்து பெயரிங்குகளையும் பிஸ்ரன் றிங்குகளையும் மாற்றியிருந்தார். கியர்பொக்ஸும் ஸ்ரேறிங்கும் அதே சியராவினுடையவை. பின் அக்சிலின் நடுவே இருக்கும் டிபரென்ஷல் மட்டும் கார் உடைக்கும் இடத்தில் வாங்கியது. அது எத்தனை மைல் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. டாஷ்போட்டில் பொருத்த வைத்திருந்த மீற்றர் சியராவினுடையது. அதில் இருந்த எண் 87,412.

அதைப் பூச்சியமாக்கப் போவதாக அவர் ஒருநாள் எங்களிடம் சொன்னார். இரகசியம் சொல்வது போல் அல்ல, நாளைக்குச் சுவருக்கு மை அடிக்கப் போகிறேன் என்பது போல.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய முறை மீற்றருக்குக் கியர்பொக்ஸின் வால்பக்கத்தில் இருந்து ஒரு கேபிள் சுழன்றபடி வருகிறது. அது பற்சில்லுகளைத் திருப்ப, இலக்கம் எழுதிய சிறு சில்லுகள் நகர்கின்றன. வலது பக்கச் சில்லு ஒரு சுற்று முடித்தால் பக்கத்தில் உள்ளது ஓர் இலக்கம் முன்னே போகும். அவ்வளவுதான். அதற்குத் தூரம் தெரியாது, சுழற்சி மட்டும்தான் தெரியும். ரயர் இவ்வளவு சுற்றளவு, டிபரென்ஷல் இந்த விகிதம் என்று தொழிற்சாலை எடுத்துக்கொண்ட கணக்கு மாறாதிருக்கும் வரைதான் அந்தச் சுழற்சி மைலாகிறது. 185/70 அளவுள்ள 13 அங்குல ரயருக்குச் சுற்றளவு சுமார் 1.85 மீற்றர். அதைக் கழற்றி 185/60 போட்டால் சுமார் 1.73 மீற்றர். இந்த ஒரு மாற்றத்தோடேயே 100 மைல் ஓடிய கார் 107 மைல் என்று காட்டும். டிபரென்ஷலின் விகிதமும் 3.62 இல் இருந்து 3.92 க்கு மாறினால் அதே 100 மைல் ஏறக்குறைய 116 ஆகிவிடும். ஆக, திருத்தாமல் பூட்டினால் புதிய காரில் அந்த மீற்றர் முதல் நாளில் இருந்தே பொய் சொல்லும். யாரும் அதைக் கள்ளம் என்று சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 க்குப் பிறகு அது தானாகவே 00000 ஆகிவிடும். திருப்புளி பிடித்த மோசடிக்காரன் வரும் முன்பே மறதி அந்த இயந்திரத்துக்குள் வைத்துக் கட்டப்பட்டிருந்தது.

இனிக் குசினி நீதிமன்றம்.

முதல் கட்சி, எங்களில் மூத்த சமையல்காரருடையது. "எண்ணைத் திருப்பிறது கள்ளம்தான். அதுக்கு ஏன் இவ்வளவு கதை?" என்றார். அவருக்கு இந்த விடயத்தில் பட்டறிவு உண்டு. இந்த நாட்டில் அவர் முதன்முதலாக வாங்கிய கார் நாற்பத்தையாயிரம் மைல் என்று சொல்லி விற்கப்பட்டது. நான்கு மாதத்தில் ரைமிங் பெல்ற் அறுந்து எஞ்சின் செத்தது. திறந்து பார்த்த மெக்கானிக் இது அதைப்போல் இரண்டு மடங்காவது ஓடிய எஞ்சின் என்றார். பெல்ற்றை இத்தனையாவது மைலில் மாற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. மாற்றாமல் விட்டு அது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்ரன் வால்வில் மோதி எல்லாம் நொறுங்கும். ஆகவே அந்த எண் விலையைப் பற்றியது மட்டுமல்ல. அதை நம்பி ஒருவர் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் பெருந்தெருவில் போகிறார்.

இரண்டாவது கட்சி, கோப்பை கழுவும் தம்பியுடையது. "அண்ணை, அந்தக் கார் இன்னும் றோட்டிலேயே இறங்கேல்லை. அதுக்கு எண்பத்தேழாயிரம் எண்டு போட்டா அதுவும் பொய்தானே?" என்றான். இதற்கு மூத்தவரிடம் உடனே பதில் இல்லை. உண்மைதான். 87,412 என்பது சியராவின் கதை. அந்தச் சியரா இன்று இல்லை. அதன் கூடு இரும்புக் கடைக்குப் போய்விட்டது. எண்ணை விட்டுவைத்தால் புதிய சேஸிஸின் மேல் பொய். பூச்சியமாக்கினால் பழைய கியர்பொக்ஸின் மேல் பொய். எந்த எண்ணைப் போட்டாலும் காரின் ஒரு பாதியைப் பற்றி உண்மையும் மறு பாதியைப் பற்றிப் பொய்யும் சொல்கிறோம். கேள்வி வில்லங்கமாவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது கட்சி எங்கள் தொழிலில் இருந்தே வந்தது. குசினியில் எல்லாச் சட்டிக்கும் திகதி ஒட்ட வேண்டும். நேற்று அரைத்த வெங்காயக் குழம்பில் இன்றைய கோழியைப் போட்டுச் சமைத்தால் எந்தத் திகதியைக் கணக்கில் எடுப்பது? சேர்ந்த பொருட்களில் எது முதலில் கெடுமோ அதன் திகதியை. பழையதோடு சேர்ந்த புதியது பழையதன் வயதை வாங்கிக்கொள்கிறது. இந்தச் சட்டப்படி பார்த்தால் கார் தன் மிகப் பழைய உறுப்பின் வயதைத்தான் சுமக்க வேண்டும்.

ஆனால் அதே குசினியில் தயிரும் இருக்கிறது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் உறை குத்துகிறோம். நேற்றையது முந்தாநாளையதில் இருந்து வந்தது. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் வருடக்கணக்கில் போகலாம். ஆனாலும் யாரும் இதைப் பல வருடத் தயிர் என்று சொல்வதில்லை. தயிரின் வயது பாலின் வயது. ஆக, குழம்பு பழையதைக் கொண்டு எண்ணப்படுகிறது, தயிர் புதியதைக் கொண்டு எண்ணப்படுகிறது. இரண்டும் ஒரே பிறிட்ஜுக்குள் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கின்றன. எண்ணும் முறையைத் தீர்மானிப்பது பொருள் அல்ல. அந்த எண்ணை வாசிக்கப் போகிறவருக்கு எது தெரிய வேண்டும் என்பதுதான். சாப்பிடுகிறவருக்கு வயிற்றுவலி வருமா வராதா என்பது தெரிய வேண்டும். அதற்காகத்தான் திகதி.

*

படித்தவர்கள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டார்கள்? தீசியஸின் கப்பலை அதென்ஸ்காரர்கள் பலகை பலகையாக மாற்றிப் பாதுகாத்ததைப் புளூட்டாக் எழுதியிருக்கிறார். 1655 இல் ஹொப்ஸ் அதற்குள் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை எல்லாம் ஒருவர் சேர்த்து வைத்து, அதே ஒழுங்கில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? எங்கள் ஒழுங்கைக்காரரின் கார் ஏறக்குறைய அந்த இரண்டாவது கப்பல். ஒரு வித்தியாசம், அவர் அதே ஒழுங்கில் கட்டவில்லை. சியராவின் பலகைகளைக் கொண்டு சியரா அல்லாத ஒன்றைக் கட்டினார்.

மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் மிலிந்த அரசனிடம் கேட்கிறார், அச்சு தேரா, சில்லு தேரா, நுகம் தேரா என்று. எதுவும் தேர் அல்ல. எல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் ஒரு பெயர்தான் தேர் என்று முடிகிறது உரையாடல். அழகான பதில்தான். ஆனால் நாகசேனர் தேரை விற்கவில்லை. விற்கப்போகும் நாளில், நீ வாங்குவது வெறும் பெயர் என்று வாங்குபவரிடம் சொல்லிவிட்டுக் காசை எண்ணிக்கொள்ள முடியாது. பொருள் எது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் மற்றவருக்கு நான் பொறுப்பா என்ற கேள்வி அப்படியே எஞ்சி நிற்கிறது.

சட்டங்கள் இந்த இடத்தில் ஒன்றோடொன்று முரண்படுவது சுவாரசியமானது. ஜேர்மனியில் 2005 இல் இருந்து மைல்மீற்றரின் பதிவைப் பொய்யாக்குவதே தனிக் குற்றம். ஒரு வருடம் வரை சிறை இருக்கலாம். பிரித்தானியாவில் எண்ணை மாற்றுவது தன்னளவில் குற்றம் அல்ல. மாற்றியதை மறைத்து விற்பதுதான் குற்றம். முதலாவது பார்வை கான்ற்றுக்கு நெருக்கமானது. அவருக்குப் பொய் என்பது யாருக்கும் தீங்கு வராவிட்டாலும் பொய்தான். இரண்டாவது பார்வை வள்ளுவருக்கு நெருக்கமானது. அவர் வாய்மையைத் தீங்கு பயக்காத சொல்லாகவே வரையறுத்தார்.

நாங்கள் வள்ளுவர் பக்கம் சாய்ந்தோம், ஆனால் ஒரு பயத்தோடு. 'யாருக்கும் தீங்கில்லை' என்று தீர்ப்பளிப்பவர் எப்போதும் மீற்றரைத் திருப்புகிறவராகவே இருக்கிறார். ஒழுங்கைக்காரரும் முதலில் அதைத்தான் சொன்னார்: "நான் இதை விற்கப்போவதில்லை." அவருக்கு எழுபது வயது. அவர் விற்காவிட்டாலும் ஒருநாள் யாரோ விற்பார்கள்.

பிரித்தானியப் பதிவு முறையில் எங்களுக்குப் பிடித்த ஒரு நுட்பம் இருக்கிறது. காரின் இலக்கத்தகடு அதன் வயதைச் சொல்லும். நீங்கள் விரும்பினால் காரைப் பழசாகக் காட்டும் இலக்கத்தை வாங்கிப் பூட்டலாம். இருப்பதைவிடப் புதுசாகக் காட்டும் இலக்கத்தைப் பூட்டக்கூடாது. பல பாகங்கள் சேர்ந்து வயதோ அடையாளமோ நிச்சயமில்லாமல் போன வாகனத்துக்கு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் தகடு கொடுக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு ஆசைப்பட்ட இலக்கத்தைப் போட முடியாது. 'இதன் வயது எங்களுக்குத் தெரியாது' என்று அரசாங்கமே முன்னுக்கும் பின்னுக்கும் எழுதிக் கொழுவிவிடுகிறது.

ஆனால் கேள்விக்கு மிக நெருங்கிய பதிலை நாங்கள் கண்டது அமெரிக்கச் சட்டத்தில். அங்கே மைல்மீற்றர் பழுதாகித் திருத்தினாலோ மாற்றினாலோ, பழைய எண்ணையே மீண்டும் காட்டச் செய்ய முடியாவிட்டால், அதைப் பூச்சியமாக்கத்தான் வேண்டும். இடைப்பட்ட எண் எதையும் போட முடியாது. கூடவே, சாரதியின் பக்கமான இடது கதவின் சட்டத்தில் ஒரு குறிப்பு ஒட்ட வேண்டும்: முன்பு இருந்த எண் இது, மாற்றிய திகதி இது என்று. அமெரிக்காவின் விமானச் சட்டத்திலும் இதே மாதிரி உண்டு. விமான எஞ்சினைப் பூச்சிய மணித்தியாலத்தில் இருந்து எண்ணத் தொடங்கும் உரிமை அதைச் செய்த நிறுவனமோ, அந்நிறுவனம் அங்கீகரித்தவரோ முழுதாகத் திருப்பிக் கட்டியபோது மட்டும்தான். கட்டியவர் திகதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

அதாவது பூச்சியம் பொய் அல்ல. குறிப்பில்லாத பூச்சியம்தான் பொய். இன்னும் சரியாகச் சொன்னால், குறிப்பில்லாத 87,412 உம் பொய்தான். எண் தனியே நின்று உண்மை பேசாது. யார், எப்போது, எதிலிருந்து எண்ணத் தொடங்கினார் என்பது பக்கத்தில் இருந்தால்தான் அது பேச்சாகிறது.

இதை ஒழுங்கைக்காரரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரித்தார். அவருடைய காருக்குக் கதவே இல்லை. செவன் மாதிரிக் கார்களில் காலைத் தூக்கி வைத்துத்தான் ஏற வேண்டும். கடைசியில் ஓர் அலுமினியத் தகட்டில் எஞ்சின், கியர்பொக்ஸ், டிபரென்ஷல் என்று வரிசையாகப் பொறித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே தெரிந்த மைலையும், டிபரென்ஷலுக்கு நேரே 'தெரியாது' என்றும் எழுதி, எஞ்சின் மூடியின் கீழ் ஆணியடித்தார். மீற்றர் பூச்சியத்தில் நின்றது.

*

எங்களைப் போன்றவர்கள் இதை ஏன் மூன்று இரவுகள் பேசினோம் என்பது வாசிப்பவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எங்களுடைய எண்ணும் ஒருநாள் பூச்சியமாக்கப்பட்டது. 'இந்த நாட்டில் எத்தனை வருட அனுபவம்?' என்று கேட்டு, பூச்சியம் என்று எழுதிக்கொண்டார்கள். குசினியில் கணக்கு வாத்தியார் இருக்கிறார். இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். இருபது வருடம் மீன்பிடித்தவர் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே எண். பிறந்த திகதிக்குப் பத்திரம் இல்லாததால் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்களாக ஆக்கப்பட்டவர்களும் எங்களுக்குள் உண்டு. தன் கையால் கட்டியவன் தன் காருக்குப் பூச்சியம் வைப்பதற்கும், ஓடிக்கொண்டிருந்தவனை நிறுத்தி இன்னொருவன் பூச்சியம் வைப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. இந்த அநியாயத்தைப் பற்றி இப்படியான பக்கங்களில் நிறைய எழுதப்பட்டாயிற்று. அதிகம் எழுதப்படாத மற்றப் பக்கமும் இருக்கிறது.

பூச்சியம் எங்களில் சிலருக்கு வசதியாகவும் இருந்தது. எண்பதுகளில் வந்தவர்களானாலும் 2009 க்குப் பின் வந்தவர்களானாலும், ஓடி வந்த மைல்கள் எல்லாமே பட்ட துன்பத்தின் மைல்கள் அல்ல. செய்தவை இருக்கின்றன. செய்யும்போது பார்த்துக்கொண்டு நின்றவை இருக்கின்றன. எந்த இயக்கம், எந்த முகாம், யாருடைய வீடு, யாருடைய பிள்ளை என்ற கேள்விகள் இங்கே விமான நிலையத்தோடு நின்றுவிட்டன. இங்கே நாங்கள் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறோம், தமிழ்ப் பாடசாலையில் பரிசு கொடுக்கிறோம். புதிய சேஸிஸ், புதிய மை. உள்ளே இருக்கும் அச்சு எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. உலோகத்துக்கு மறதி இல்லை என்று ஒழுங்கைக்காரர் சொல்வார். ஒவ்வொரு சுழற்சியின் பளுவும் அதற்குள் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் நேர்த் தெருவில் முறியும்.

இந்தக் காரை வாங்கப்போவது யார்? எங்கள் பிள்ளைகள். அவர்கள் விரும்பிக் கேட்கவில்லை. ஆனால் அவர்கள்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஏன் சில ஊர்ப் பெயர்களைக் கேட்டதும் முகம் மாறுகிறது, ஏன் சில கலியாண வீடுகளுக்கு நாங்கள் போவதில்லை, ஏன் அப்பா இரவில் கத்துகிறார் என்பதற்கு அவர்களிடம் எந்தக் குறிப்பும் இல்லை. மீற்றர் பூச்சியம் காட்டுகிறது. எஞ்சின் எண்பதாயிரம் மைல் சத்தம் போடுகிறது.

இந்த இடத்தில் கோப்பை கழுவும் தம்பி ஒரு தடை சொன்னான். அதைத் தள்ளிவிட முடியாது. "எழுதி வைக்கச் சொல்லுறியள். ஆர் வாசிப்பினம்?" அகதி விண்ணப்பத்தில் ஒரு கதை கொடுக்கப்பட்டிருக்கிறது. சிலருக்கு அது நடந்த கதை. சிலருக்கு ஏஜென்சிக்காரன் திருத்திக் கொடுத்த கதை. அந்தக் கதைதான் எங்களின் உத்தியோகபூர்வ எண். வேறு எண்ணை எங்காவது எழுதினால், வாசிக்கக் கூடாதவர் வாசித்தால், ஒரு குடும்பமே திருப்பி அனுப்பப்படலாம். ஊரில் இருப்பவர்களுக்கும் ஆபத்து வரலாம்.

அவனுக்கு நாங்கள் சொன்னது இதுதான். குறிப்பு ஒட்டச் சொன்ன சட்டம் அதை முன்கண்ணாடியில் ஒட்டச் சொல்லவில்லை. தெருவில் போகிற எல்லாரும் வாசிக்க வேண்டியதில்லை. கதவின் சட்டத்தில் இருப்பதைக் கதவைத் திறந்து உள்ளே ஏறுகிறவர் பார்ப்பார். ஒழுங்கைக்காரரின் தகடும் எஞ்சின் மூடியைத் தூக்குகிறவருக்குத்தான் தெரியும். தெருவுக்கு நாங்கள் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. அதிகாரியின் கேள்விக்கு உயிர் தப்பச் சொன்ன பதிலுக்காக யாரும் எங்களுக்கு வாய்மை பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்களோடு ஏறி உட்கார்ந்தவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாகவும், தெரியாததைத் 'தெரியாது' என்றும் எழுதி வைக்க வேண்டும். எங்களுக்குச் செய்யப்பட்டது, நாங்கள் செய்தது என்ற இரண்டையும்.

அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. எழுதியதை எங்கே வைப்பது, பிள்ளைக்கு எத்தனை வயதில் கொடுப்பது, மற்றவருடைய பெயர் வரும் இடத்தில் என்ன செய்வது என்று கேட்டான். அவன் கேட்டவற்றில் சிலவற்றுக்கு எங்களிடமும் பதில் இல்லை. ஆனால் அவை எழுதத் தொடங்கியவனுக்கு வரும் கேள்விகள். எழுதாமல் இருப்பதற்குக் காரணங்கள் அல்ல.